பப்பாளிக்காய் சாலட் பெட்டியும் எங்கள் வீட்டுக் கீரைச் சட்டியும்

சோம் தம் என்று தாய்லாந்துக்காரர்கள் சொல்லும் பப்பாளிக்காய் சாலட்டை வீட்டிலேயே செய்துகொள்ளத் தேவையான அனைத்தும் ஒரே பெட்டியில் அடங்கியிருப்பதாகச் சொன்ன விளம்பரத்தை நம்பி, இணையத்தில் 1,690 ரூபாய் கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கினேன். ஐந்து வாரங்களில் ஒன்பது முறை அந்தச் சாலட்டை அயனாவரத்தில் உள்ள எங்கள் வீட்டில் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்; முதல் முறை செய்த சூட்டோடு எழுதியிருந்தால் இந்த மதிப்புரை வெறும் கோபமாக இருந்திருக்கும். பல் வைத்த சீவி, மண் உரல், மர உலக்கை, ஒரு குப்பி மீன் சாஸ், பனைவெல்ல வில்லைகள், உலர்ந்த இறால், வறுத்த வேர்க்கடலை, மசாலாத் தூள் என்று எட்டுப் பொருள்களும், அவற்றோடு ஒரு செய்முறைத் தாளும் பெட்டிக்குள் இருந்தன. இவற்றுள் சீவி ஒன்றுதான் கொடுத்த காசுக்கு உழைக்கிறது என்பதையும், பெட்டியில் இல்லாத, சென்னையில் எவரும் வாங்கக்கூடிய வேறொரு பாத்திரம்தான் இந்தச் சாலட்டைக் காப்பாற்றியது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியைப் பிரித்துப் பொருள்களை மேசையில் பரப்பியபோது என் மாமியார் செய்முறைத் தாளில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு கோசுமல்லிக்கு இத்தனை பெட்டி படுக்கையா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோசுமல்லியில் பயற்றம்பருப்பை ஊறவைத்து, காயைத் துருவிக் கலந்து, கடுகு தாளித்துக் கொட்டுகிறோம். சோம் தம்மில் தாளிப்பு கிடையாது, ஒரு சொட்டு எண்ணெயும் கிடையாது, கலப்பதற்குப் பதிலாக இடிக்கிறார்கள். ‘சோம்’ என்றால் புளிப்பு, ‘தம்’ என்றால் இடிப்பது. லாவோஸிலும் அதை ஒட்டிய தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசானிலும் வேரூன்றிய உணவு இது; லாவோஸில் இதற்குத் தம் மாக் ஹூங் என்று பெயர். மிளகாயின் காரம், எலுமிச்சையின் புளிப்பு, பனைவெல்லத்தின் இனிப்பு, மீன் சாஸின் உப்பு ஆகிய நான்கும் காயின் மேல் பூசிக்கொண்டு நிற்காமல் காய்க்குள் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடிப்பு. ஆகவே இத்தகைய பெட்டியை மதிப்பிடும்போது, காயைச் சீவும் கருவி எப்படி இருக்கிறது, அதை இடிக்கும் பாத்திரம் எப்படி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

சீவியிலிருந்து தொடங்குகிறேன். பார்வைக்கு இது உருளைக்கிழங்குத் தோல் சீவும் கருவியைப் போலவே இருக்கிறது. ஆனால் அதன் அலகு நேராக இல்லாமல் அலையலையாக வளைந்திருப்பதால், காயின் மேல் ஒரு முறை இழுத்தால் ஒரே பட்டையாக வராமல் ஏழெட்டு நீளமான இழைகளாக விழுகிறது. இழை ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன். சேமியாவை விடக் கொஞ்சம் பருமன் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தடிமன் சாலட்டுக்கு மிக முக்கியம். வீட்டில் இருக்கும் தேங்காய்த் துருவியிலோ, கேரட் துருவும் நான்கு பக்கத் துருவியிலோ பப்பாளிக்காயைத் தேய்த்தால் காயின் நார் அறுந்து, நீர் விட்டு, கூட்டுக்கு நறுக்கியது போல் ஈரக்குவியலாகிவிடும். அதை உரலில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினால் துவையல்தான் கிடைக்கும். தாய்லாந்தின் தெருக்கடைகளில் இந்தச் சீவியும் இல்லாமல், தோலுரித்த காயை இடக்கையில் ஏந்திக்கொண்டு, கனமான கத்தியால் நீளவாக்கில் சரசரவென்று கொத்தி, பிறகு மேற்பரப்பை மட்டும் சீவி எடுப்பார்கள். இழைகள் ஒன்றுக்கொன்று தடிமன் மாறி வருவதால் சில மென்மையாகவும் சில மொறுமொறுப்பாகவும் இருக்கும் என்பது அந்த முறையின் அழகு. நான் அதை ஒரு முறை முயன்றேன். விரல்கள் ஐந்தும் இருக்கின்றன என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

சீவியின் கைப்பிடி பிளாஸ்டிக், அலகு துருப்பிடிக்காத எஃகு. ஐந்து வாரங்களில் துரு ஏறவில்லை, கூர்மை மழுங்கவில்லை. அலைகளின் இடுக்கில் நார் சிக்கிக்கொள்கிறது. உடனே கழுவாமல் விட்டால் காய்ந்து இறுகிவிடுவதால், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே குழாயடியில் வைத்திருக்கிறேன். காயைக் குறுக்குவாட்டில் சீவக் கூடாது, காம்பிலிருந்து நுனி வரை நீளவாக்கில்தான் இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து இழுக்காமல் காயைச் சுற்றிச் சுற்றிச் சீவினால் விதைக்குழி வரை வீணில்லாமல் வருகிறது. உருண்டையான காயை விட நீளமான காயில் இழை நீளமாக வருகிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இதே சீவியில் முள்ளங்கியும் கேரட்டும் சீவிப் பார்த்தேன், நன்றாகவே வருகின்றன. சுரைக்காய் வரவில்லை, அது பஞ்சு போல் நசுங்கிவிடுகிறது.

இனி உரல். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தில் உரல் ஆழமாகவும் அகன்றும் தெரிந்தது. கையில் எடுத்தபோது அதன் வாய் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. தாய்லாந்தில் பயன்படுத்தும் மண் உரல் ஒரு சிறிய குடம் அளவுக்கு உயரமானது. உள்ளே காயைக் குவித்த பிறகும் விளிம்பு வரை பாதி இடம் காலியாக இருக்கும், அதனால்தான் ஒரு கையில் உலக்கையும் மறு கையில் கரண்டியுமாக இடித்துக்கொண்டே புரட்ட முடிகிறது. பெட்டியில் வந்த உரலில் இரண்டு கைப்பிடி இழையைப் போட்டதுமே நிறைந்துவிட்டது. முதல் தட்டில் தக்காளிச் சாறு என் மூக்குக்கண்ணாடியில் வந்து விழுந்தது. பூண்டும் மிளகாயும் இடிக்க மட்டுமே அது போதும். அதோடு, எத்தனை முறை கழுவியும் முதல் இரண்டு தடவை அடியில் மெல்லிய செம்மண் தூள் தங்கியது. மூன்றாம் முறை விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. விற்பனையாளருக்குப் படத்தோடு எழுதினேன். ‘மண்பாண்டங்களுக்கு உத்தரவாதம் இல்லை’ என்ற ஒற்றை வரிப் பதில் நான்கு நாள் கழித்து வந்தது.

எங்கள் வீட்டில் மாமியார் காலத்துச் சின்னக் கல்லுரல் இருக்கிறது. அதில் முயன்றதும் தோல்விதான், ஆனால் பயனுள்ள தோல்வி. கல்லோடு கல் மோதும்போது இடையில் அகப்படும் எதுவும் அரைபடத்தான் செய்யும். தாய்லாந்திலும் கறிக்கான மசாலா அரைப்பதற்குக் கல்லுரல், சோம் தம்முக்கு மண் உரலும் மர உலக்கையும் என்று பிரித்து வைத்திருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. காய் அரைபடக் கூடாது, கன்றிப்போக வேண்டும்; மேல்தோலில் சின்னச் சின்னக் காயங்கள் பட்டு, சாறு உள்ளே போகிற அளவுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். மண்ணும் மரமும் சேர்ந்தால்தான் அந்த மென்மையான அடி கிடைக்கும்.

மண்ணும் மரமும் என்று நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்ட மாமியார் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான் கீரைச் சட்டி. கீரை கடைவதற்கென்றே செய்யப்படும் ஆழமான மண்சட்டி. கீரை வழுக்கி ஓடாமல் இருப்பதற்காக அதன் உட்புறத்தில் வரிவரியாகக் கீறியிருப்பார்கள். கூடவே மர மத்து. பப்பாளி இழைகளை அதில் போட்டு, மத்தைக் கொண்டு ஓங்கிக் குத்தாமல், கீரையைக் கடைவதற்கு முன் மசிப்பது போல அழுத்தி அழுத்தித் திருப்பியபோது, இழைகள் அந்த வரிகளில் உரசி, உடையாமல் கன்றின. மூன்று முறை கிடைக்காத சுவை நான்காம் முறை கிடைத்தது. சட்டியின் சுவர் தாய்லாந்து உரலைப் போல் தடிமனாக இல்லாததால் உலக்கையடி தாங்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பூண்டு, மிளகாய், வேர்க்கடலை ஆகியவற்றைப் பெட்டியோடு வந்த சிறிய உரலிலோ இஞ்சி தட்டும் கல்லிலோ தனியே தட்டிக்கொண்டு, மற்றவற்றைச் சட்டியில் செய்வதே பாதுகாப்பு.

இதில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மண்சட்டி தான் தொட்ட எதையும் மறப்பதில்லை. மீன் சாஸ் ஊற்றிய மூன்றாம் நாள் அதே சட்டியில் மாமியார் அரைக்கீரை கடைந்தார். கீரையில் கருவாட்டு வாசம். வீட்டில் இரண்டு நாள் அதைப் பற்றியே பேச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குயவர்கள் வசிக்கும் கொசப்பேட்டைக்குப் போய், பிள்ளையார் பொம்மைகளுக்கு நடுவே தேடி, சட்டியும் மத்துமாக 250 ரூபாய்க்குப் புதிதாக வாங்கி வந்து, அரிசி கழுவிய நீரில் மூன்று நாள் ஊறவைத்துப் பழக்கினேன். பழைய சட்டி இப்போது பப்பாளிக்கென்று ஒதுங்கிவிட்டது. மாமியார் புதிய சட்டியை என் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறார்.

பெட்டியில் வந்த மீன் சாஸ் குறை சொல்ல முடியாத தரம். நெத்திலியையும் கடலுப்பையும் ஓராண்டுக்கும் மேலாக ஊறவைத்து வடித்தெடுக்கும் இந்தத் திரவத்துக்கு நம் சமையலில் நேரான மாற்று இல்லை. கருவாட்டைக் கரைத்தால் கருவாட்டுக் குழம்பின் சாயல்தான் வரும். ஆனால் இதைப் பெட்டிக்குள் வைத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, சென்னையின் பெரிய பல்பொருள் அங்காடிகளில் தனியாகவே கிடைக்கிறது. வாங்கும்போது பொருள் பட்டியலில் நெத்திலி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை ஆகியவற்றுக்கு மேல் எதுவும் இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். இது மிகக் கடுமையான உப்பு கொண்டது. சாலட்டில் தனியாக உப்பு ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக் கூடாது, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் அளவைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

பனைவெல்ல வில்லைகளை நான் இரண்டாம் முறையோடு நிறுத்திவிட்டேன். தாய்லாந்தில் தென்னையிலிருந்தும் வெல்லம் எடுக்கிறார்கள், நம்முடைய அதே பனையிலிருந்தும் எடுக்கிறார்கள்; பேட்சபுரி என்ற ஊர் அதற்குப் பெயர் பெற்றது. நம் மாநில மரத்தின் வெல்லத்தைப் பிளாஸ்டிக் உறையில் இறக்குமதிச் சரக்காக வாங்கிக்கொண்டிருந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. அவர்களுடையது வெளிர்நிறம், மென்மை, வெண்ணெய் போன்ற மணம். நம் கருப்பட்டி நன்றாகக் காய்ச்சப்பட்டுக் கறுத்து, புகை மணமும் லேசான கரிப்பும் கொண்டது. உடன்குடிக் கருப்பட்டியை அதே அளவில் போட்டபோது எலுமிச்சையின் புளிப்பு காணாமலே போய்விட்டது. அளவை முக்கால் பங்காகக் குறைத்து, ஒரு தேக்கரண்டி வெந்நீரில் முன்னதாகவே கரைத்து, மண் இருந்தால் வடிகட்டிச் சேர்த்தபோது சரியாக வந்தது. நிறம் கொஞ்சம் கருக்கத்தான் செய்யும். சுவையில் எனக்கு இப்போது இதுவே பிடித்திருக்கிறது.

உலர்ந்த இறால் பொட்டலத்தில் முப்பது கிராம் இருந்தது, மூன்று தடவைக்கு வந்தது. பிறகு சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடிப் பக்கம் கருவாட்டுக் கடையில் தோல் நீக்கிய காய்ந்த இறாலை வாங்கினேன். நம் ஊர் இறால் வாடை கூடுதல்; மணலும் இருக்கும். இரண்டு முறை அலசி, துணியில் ஒற்றி, இரும்புச் சட்டியில் சிறு தீயில் மணம் மாறும் வரை வறுத்துக்கொண்டால் பொட்டலத்தில் வந்ததை விட நன்றாகவே இருக்கிறது. சென்னாக்குன்னியைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது ஓட்டோடு இருப்பதால் வாயில் குத்துகிறது, வேண்டாம். வேர்க்கடலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தெருமுனை வண்டியில் சுடச்சுட வாங்கியது பெட்டியில் வந்த நமுத்த கடலையைத் தோற்கடித்தது.

மசாலாத் தூளை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ‘எலுமிச்சை பிழிய வேண்டாம்’ என்று அதன் உறையில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். உள்ளே சர்க்கரை, சிட்ரிக் அமிலம், மிளகாய்த் தூள், சுவையூட்டி. சிட்ரிக் அமிலம் நாக்கைக் கூச வைக்கும், எலுமிச்சையின் மணத்தைத் தராது; சோம் தம்மில் பிழிந்த பிறகு எலுமிச்சை மூடியையே இடிகலத்தில் போட்டு ஒரு தட்டுத் தட்டுகிற வழக்கமுண்டு, தோலில் உள்ள எண்ணெய்க்காக. தாய்லாந்தின் எலுமிச்சையும் நாம் ஊறுகாய் போடும் சின்ன எலுமிச்சையும் நெருங்கிய உறவு என்பதால், ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பழத்தை விட்டுவிட்டு இந்தத் தூளைத் தூவ வேண்டிய அவசியம் சென்னையில் யாருக்கும் இல்லை.

செய்முறைத் தாளில்தான் பெட்டியின் பெரிய குறை இருக்கிறது. ‘பப்பாளிக்காய் ஒன்று, தோல் நீக்கிச் சீவியது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். எந்தப் பருவத்துக் காய் என்று சொல்லவில்லை. பழக்கடையில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காய் அல்ல. பழுக்க வைப்பதற்காக, தோலில் மஞ்சள் கீற்று ஒன்று தோன்றும்போதே பறித்து அனுப்புகிறார்கள், அதை அறுத்தால் உள்ளே இளஞ்செம்மை படர்ந்து விதை கறுத்திருக்கும், இழை இனித்து நொய்ந்துபோகும். நமக்கு வேண்டியது முழுப் பச்சை, கல் போன்ற உறுதி, கையில் எடுத்தால் கனம், நகத்தால் கீறினால் உடனே பால் சொட்ட வேண்டும். அறுத்தால் சதை வெண்மையாகவும் விதை வெளுப்பாகவும் இருக்க வேண்டும். அயனாவரம் சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர், “காயா வேணும்னா மொத நாளே சொல்லிடுங்கக்கா, கோயம்பேட்ல பாத்து எடுத்தாரேன்” என்றார். அப்படிச் சொல்லி வைத்து வாங்கிய காய் ஒரு முறைகூட ஏமாற்றவில்லை. புறநகரில் தோட்டமுள்ள வீடுகளில் உறவினர் இருந்தால் இன்னும் வசதி. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ரெட் லேடி என்ற தைவான் கலப்பின ரகம் போலத் தெரிகிறது. அது நீளவாக்கில் இருப்பதால் சீவியில் நன்றாக வருகிறது.

பாலைப் பற்றியும் தாளில் ஒரு சொல் இல்லை. காயில் வடியும் அந்தப் பாலில் பப்பேன் என்ற நொதி இருக்கிறது. ஆட்டுக்கறி வேகாதபோது பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடச் சொல்வது அதனால்தான், புரதத்தை அது உடைத்துவிடும். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 போன்ற ரகங்களைப் பப்பேன் எடுப்பதற்கு ஏற்றவையாகவே வெளியிட்டிருக்கிறது. கறியை மெத்தென்றாக்கும் பால் நம் கைத்தோலை விட்டு வைக்குமா? முதல் நாள் வெறுங்கையோடு உரித்துவிட்டு, விரலிடுக்கில் அரிப்போடு இரவு முழுதும் விழித்திருந்தேன். இப்போது காயின் மேல் நீளவாக்கில் நான்கைந்து கீறல் போட்டு, காம்புப் பக்கம் கீழாக அரை மணி நேரம் நிறுத்திப் பாலை வடியவிட்டு, கழுவி, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்ட பிறகே தோலைச் சீவுகிறேன். ரப்பர் கையுறை ஒவ்வாதவர்களுக்கு, ரப்பர்ப் பாலின் ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பப்பாளியும் ஒவ்வாமல் போவதுண்டு என்பதால், இந்தச் சாலட்டையே தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. ஆறாம் முறை செய்த அன்று, ஐந்து மாதக் கர்ப்பிணியான என் நாத்தனார் வந்திருந்தார். தட்டில் என்னவென்று தெரிந்ததும் மாமியார் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் முன்னிருந்த தட்டை எடுத்துக்கொண்டு, வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தார். பப்பாளிக்காயைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் கண்டிப்பு. நன்கு பழுத்த பழத்தைப் பற்றி எவ்வளவு வாதம் நடந்தாலும், பால் நிறைந்த பச்சைக் காயைத் தவிர்க்கும்படி மருத்துவர்களும் சொல்கிறார்கள். உணவுப் பொருளாக ஒரு பெட்டியை விற்கிறவர்கள் செய்முறைத் தாளில் பாதிப் பக்கத்துக்குத் தங்கள் நிறுவனத்தின் கனவுகளை எழுதியிருக்கிறார்கள். இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

தாளில் விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து, இரண்டு பேருக்கு நான் இப்போது செய்யும் முறை இது. சீவிய இழை இருநூறு கிராம். அதைப் பனிக்கட்டி போட்ட நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் மீதிப் பாலும் கசப்பும் போய் இழை விறைத்து நிற்கும். பிறகு வடித்து, மெல்லிய வேட்டித் துணியில் பரப்பி, ஈரம் போகச் சுருட்டி ஒற்றியாக வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் சாறு நீர்த்துப்போய்ப் பிறகு எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் தேறாது. பூண்டு மூன்று பல், காந்தாரி மிளகாய் மூன்று அல்லது நான்கு, இவற்றை ஒன்றிரண்டாகத் தட்டிச் சட்டியில் போட வேண்டும், விழுதாக்கக் கூடாது. விரல் நீளத்துக்கு நறுக்கிய காராமணிக்காய் இரண்டைப் பச்சையாகவே போட்டு, மத்தால் பிளந்துகொள்ளும் வரை அழுத்த வேண்டும். அதன்மேல் கரைத்த கருப்பட்டி ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, மீன் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி. இந்தக் கட்டத்தில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தால் நான்கு சுவையும் சற்று மிகையாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் காய் தனக்கென்று எந்தச் சுவையும் இல்லாதது. நான்காகப் பிளந்த நாட்டுத் தக்காளி ஒன்றை லேசாக நசுக்கி, வறுத்த இறால் ஒரு மேசைக்கரண்டியைப் போட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பப்பாளி இழையைச் சேர்த்து, ஒரு கையால் அழுத்தி மறு கையால் கரண்டி கொண்டு அடியிலிருந்து புரட்டிப் புரட்டி ஒன்றரை நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வேர்க்கடலை பரிமாறும்போது.

செய்து கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்; அரை மணியில் காய் நீர்விட்டுத் தட்டு குளமாகிவிடும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் துவண்டு கிடக்கும். தாய்லாந்தில் இதோடு ஆவியில் வேகவைத்த பிசுபிசுப்பு அரிசிச் சோறும், கரியில் வாட்டிய கோழியும் சாப்பிடுவார்கள். நான் கவுனி அரிசியில் முயன்றேன். பிசுபிசுப்பு இருந்தது, ஆனால் அதன் மணமும் சாலட்டின் மணமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. வெறும் வெள்ளைச் சோறும் வறுத்த வஞ்சிரமும் வைத்துச் சாப்பிட்ட ஞாயிறுதான் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பர்மா பஜார்ப் பக்கம் கையால் பிசைந்து தரும் பர்மிய நூடுல்ஸ் உணவான அத்தோவின் புளிப்புக்கும் காரத்துக்கும் பழகிய நாக்குகளுக்கு இந்தச் சுவை அந்நியமாக இருக்காது. என் கணவர் முதல் வாயிலேயே, “அத்தோல நூடுல்ஸுக்குப் பதிலா காய் போட்டாப்பல இருக்கு” என்றார்.

பப்பாளிக்காய் கிடைக்காத வாரத்தில் கிளிமூக்கு மாங்காயைச் சீவிச் செய்தேன். மாங்காயிலேயே புளிப்பு இருப்பதால் எலுமிச்சையை அரை மேசைக்கரண்டியாகக் குறைத்துக் கருப்பட்டியைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது, ஆனால் இடிப்பு மிகக் குறைவாகவே போதும். சைவமாகச் செய்ய வேண்டிய நாளில் மீன் சாஸுக்குப் பதிலாக நிறம் குறைந்த சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, இறாலை விட்டுவிட்டு வேர்க்கடலையை இரட்டிப்பாக்கினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆழம் இல்லை, அந்த வித்தியாசத்தை மறைக்க எனக்கு வழி தெரியவில்லை. புரட்டாசிக்கு அது போதும்.

இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்கும் தோழிகளுக்கு நான் கொடுக்கும் கணக்கு இதுதான். இதே வகைச் சீவி தனியாகப் பாத்திரக் கடையில் 240 ரூபாய்க்கு இருந்தது, இரண்டாவது ஒன்றை என் தங்கைக்கு வாங்கிக் கொடுத்தேன். கீரைச் சட்டியும் மத்தும் 250. மீன் சாஸ் சிறு குப்பி 220 ரூபாய். காய்ந்த இறால் நூறு கிராம் 150. கருப்பட்டியும் எலுமிச்சையும் மிளகாயும் எப்படியும் வீட்டில் இருப்பவை. ஆக 860 ரூபாய், அதுவும் ஒன்பது முறை செய்த பிறகும் குப்பியில் பாதி மீதம். பெட்டியோடு வந்த சின்ன உரலில் மாமியார் இப்போது ஏலக்காய் தட்டிக்கொள்கிறார். மசாலாத் தூள் பொட்டலம் பிரித்தபடியே இருக்கிறது, யாரும் கேட்கவில்லை.